கிரீ எழுத்து: அசையெழுத்தா, திசையெழுத்தா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கனடாவின் கிரீ மொழி எழுத்துக்கு ‘அசையெழுத்து’ (syllabary, ஓர் அசைக்கு ஒரு குறி எழுதும் முறை) என்ற சொல்லே போதும் என்ற கருத்தை ஏற்கத் தயங்குகிறேன். நம் யாப்பில் ‘கல்’ ஒரே நேரசை, ‘கடல்’ ஒரே நிரையசை. கிரீயிலோ ‘கன்’ என்ற ஒலியை எழுதவே இரண்டு குறிகள் வேண்டும், அவற்றுள் ஈற்று மெய்யைச் சிறிதாக்கி மேலே ஏற்றி எழுதுவார்கள்.

1840ஆம் ஆண்டளவில் மானிடோபாவின் நார்வே ஹவுசில் ஜேம்ஸ் எவான்ஸ் என்ற மதபோதகர் பரப்பிய இவ்வெழுத்தில், வடிவம் மெய்யையும் அது திரும்பி நிற்கும் திசை உயிரையும் காட்டுகின்றன. ஒரே கூர்வடிவம் மேல் நோக்கினால் ‘பி’, கீழ் நோக்கினால் ‘பே’, வலம் நோக்கினால் ‘பொ’, இடம் நோக்கினால் ‘ப’. தனி உயிர்களும் இவ்வாறே ஒரு முக்கோணத்தின் திருப்பங்கள்தாம். எனவே எழுத்து முறைக்குத் ‘திசையெழுத்து’ என்றும், அதில் மெய்யும் உயிரும் சேர்ந்த குறிக்குத் ‘திசை உயிர்மெய்’ என்றும் பெயரிடலாம்.

உயிர்மெய் என்றால் கணினி நிரல் எழுதுவோர் நம் எழுத்தைப் போல அதையும் பிரிக்க முயல்வார்கள் என்ற மறுப்பு நியாயமானது. கணினியில் தமிழ் ‘பி’ இரண்டு குறியெண்களின் சேர்க்கை: பகரத்துக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று. எழுத்துகளுக்குக் கணினி எண் வழங்கும் ஒருங்குறியின் (Unicode) 1999இல் வெளிவந்த 3.0 பதிப்பு, கனடியப் பழங்குடி எழுத்துகளுக்கு 640 இடங்களை ஒதுக்கியபோது, ‘பி’க்கு 1431, ‘பொ’வுக்கு 1433, ‘ப’வுக்கு 1438 எனத் திசைக்கொரு தனி எண் தந்தது. தமிழுக்கும் எழுத்துக்கொரு எண் கேட்டவர்கள் இதைக் கண்டு பெருமூச்சு விடக்கூடும். இதைப் ‘பிரியாக் குறியேற்றம்’ என்றும், நம்முடையதைக் ‘கூட்டுக் குறியேற்றம்’ என்றும் வேறுபடுத்தினால் அந்தக் குழப்பம் நீங்கும்.

பிரியாக் குறியேற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. வகர ஒலியைக் காட்டும் பொட்டை மேற்கத்திய கிரீயர் எழுத்துக்குப் பின்னும் கிழக்கத்தியர் முன்னும் இடுவதால், ‘ப்வே’ போன்ற ஒரே ஒலிக்கு இரண்டு எண்கள் ஏற்பட்டன. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியேற்றங்களை ஒன்றாக்கும் ஒருங்குறியின் இயல்பாக்கம் (normalization) அவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை, ஆகவே ஒரு மரபில் தேடினால் மற்ற மரபில் எழுதிய சொல் அகப்படாது.

அந்தப் பொட்டைச் சிலர் ‘புள்ளி’ என்று எழுதியிருக்கிறார்கள், அது வேண்டாம். நமக்குப் புள்ளி அகரத்தை நீக்குவது, அங்கே அது வகரத்தைச் சேர்ப்பது. ‘வகரப் பொட்டு’ என்பதே என் பரிந்துரை. மேலேற்றி எழுதும் மெய்க்கு ‘ஈற்றொற்று’ பொருந்தும்.