மாரியில் மறைந்த, நிலத்தடி நீரில் மிதக்கும் பெற்றோல் படை: கண்காணிப்புக் கிணற்றை எப்படி மாற்றுவது?

திருகோணமலை, உப்புவெளிப் பக்கம் ஒரு பெற்றோல் ஷெட். கடலோர மணல் நிலம். தாங்கிகளுக்குக் கீழ்ச்சரிவில் நிலத்தடி நீரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க 2 அங்குல பிவிசி கண்காணிப்புக் கிணறு இருக்கிறது. துளையிட்ட குழாய் 3 முதல் 6 மீற்றர் ஆழம் வரை.

ஆவணியில் நீர்மட்டம் 3.8 மீற்றர் ஆழத்தில் நின்றது. பெய்லரை (மாதிரி அள்ளும் குழாயை) இறக்கித் தூக்கினால் 4 சென்ரிமீற்றர் பெற்றோல் படை, மஞ்சளாகத் தெளிவாகத் தெரிந்தது. மாரி மழைக்குப் பிறகு, தையில், நீர்மட்டம் 2.1 மீற்றர் ஆழத்துக்கு ஏறிவிட்டது. படையைக் காணவில்லை, மணம் மட்டும் கடுமையாக இருக்கிறது. நீர்மட்டம் துளைகளுக்கு மேலே போனால் மிதக்கும் படை உள்ளே வர வழியில்லை; மணல் இடுக்கிலும் கொஞ்சம் சிக்கிக் கிடக்கும். ஆகவே எண்ணெய் போய்விட்டது என்று அறிக்கை எழுத முடியாது. அயலில் குடிக்கிற கிணறுகள் இருக்கின்றன.

தாங்கிக்கும் குழாய்வழிக்கும் அழுத்தச் சோதனை செய்தாயிற்று, கசிவில்லை. தாங்கிக்குள் விட்டுப் பார்க்கும் டிப்ஸ்டிக் கோலின் அளவும் விற்பனைக் கணக்கும் ஒத்துப்போகின்றன. பழைய கசிவாகத்தான் இருக்கவேண்டும். மெதுவாக இறைத்து, மின்கடத்துதிறன் நிலைத்த பிறகே மாதிரி எடுத்தோம்: 40 மில்லிலீற்றர் புட்டி, அமிலம் இட்டு, குமிழி இல்லாமல், ஐஸில் கொழும்புக்கு. பெற்றோலில் உள்ள நச்சுப் பொருளான பென்சீன் ஆவணியைவிடக் கூடியிருக்கிறது.

1 முதல் 6 மீற்றர் வரை ஒரே நீண்ட துளைக்குழாய் போட்டால் மாதிரி கலந்து ஐதாகும், மேலே பென்ரனைட் (நீரில் ஊதும் களிமண்) அடைப்புக்கும் இடம் குறையும். இப்படி ஏறி இறங்கும் மணலில் அந்த ஒற்றைக் கிணறு போதுமா, ஆழம் பிரித்துச் சோடிக் கிணறு அடிப்பதா?