அங்காந்து கெடக்குடி!

பாம்பன் பேத்தி:
போன லீவுக்குத் தங்கச்சிமடத்தில் அப்பத்தா வீட்டில் இருந்தேன். சித்தப்பா வலையில் ஏறிய அஞ்சாலை (பாம்பு மாதிரி நீளமான கடல் மீன்) ஒன்று கரையில் கிடந்தது. படம் எடுக்கப் போனை நீட்டிக்கொண்டு குனிகிறேன், "அங்காந்து கெடக்குடி, கைய எடு!" என்று அப்பத்தா ஒரு சத்தம். வாய் முழுக்க ஊசிப் பல். கையை எடுத்துவிட்டேன், அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை. "வாயைப் பொளந்துக்கிட்டு" என்றுதானே எல்லாரும் சொல்வோம்?

தொண்டிக்காரன்:
"அண்ணாந்து" என்று சொல்லியிருப்பார்கள். கடற்காற்றில் உங்கள் காதில் அப்படி விழுந்திருக்கும். எங்கள் வாப்பா செம்பை வாயில் வைத்துக் குடிக்க விடமாட்டார், "அண்ணாந்து குடி" என்பார். அதுதான் இது.

கீழக்கரை டீச்சர்:
அது இல்லை தம்பி. அண்ணாப்பது கழுத்து, அங்காப்பது வாய். தொல்காப்பியத்திலேயே "அ ஆ ஆயிரண்டு அங்காந்து இயலும்" என்று இருக்கிறது. நன்னூல் "அஆ அங்காப்புடைய" என்கிறது. வாயைத் திறந்தால்தான் அந்த இரண்டு எழுத்தும் பிறக்கும். "அங்கா" என்று சொல்லிப் பாருங்கள், முடியும்போது வாய் திறந்தே நிற்கும். எட்டாம் வகுப்பில் எழுத்துகளின் பிறப்பு நடத்தும்போது கடைசி பெஞ்சில் ஒருவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான். "டீச்சர், இவன் அங்காக்குறான்!" என்று வகுப்பே கத்தியது. அன்றைக்கு அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மண்டபம் முக்குளிப்பான்:
நானும் பாறை இடுக்கில் ஒன்றை நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன், ஒரு முழ தூரம்தான். சொல்லை விடுங்கள், பேத்தி விஷயத்துக்கு வருவோம். அது வாயைத் திறந்து திறந்து மூடுவது கடிக்க இல்லை, மூச்சு விட. செவுளுக்குத் தண்ணீர் போக வேண்டுமே. ஆனால் கடித்தால் லேசில் விடாது. தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது, அது முன்னால் வந்து இரையைக் கவ்வி உள்ளே இழுக்கும். 2007இல்தான் ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். கையைக் கவ்வினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். கரையில் கிடப்பதைச் செத்தது என்று நம்பாதீர்கள். பொந்துக்குள் கை விடவே விடாதீர்கள். கையுறை...

பாம்பன் பேத்தி:
அண்ணே, விரல் பத்தும் பத்திரம். தொண்டிக்காரர் சொன்னதை அப்பத்தாவிடம் போனில் கேட்டேன். "அஞ்சாலைக்குக் கழுத்து எங்கடி இருக்கு, அண்ணாக்க?" என்று வைத்துவிட்டார்.