ரெசுமே அடிக்க வருகிறவர்கள் குறையவில்லையே, அறிக்கையில் மட்டும் எப்படிக் குறைந்தது?

நகல்கடை அக்கா (பாடாங் செராய்):
எல்லாருக்கும் வணக்கம். பழைய தோட்டத்துச் சாலை ஓரமாக நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கூலிம் ஹைடெக் பார்க்கில் கான்ட்ராக்ட் முடிந்த பிள்ளைகள், டிப்ளோமாவை வைத்துக்கொண்டு மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் என்று ரெசுமே அடிக்க யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மலேசியப் புள்ளிவிவரத் துறையோ வேலையில்லாதோர் 2021இல் 4.6 விழுக்காடு, 2023இல் 3.4 என்கிறது. என் மகன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் பொருளாதாரம் படிக்கிறான். அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இந்த வருடாந்திர எண்ணை எப்படிப் படிப்பது?

பழைய கிராணி:
தங்கச்சி, தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். அதில் பெயர் விழுந்தால் அன்றைக்கு ஆள் வேலைக்கு வந்தான் என்று மட்டும்தான் தெரியும். எத்தனை ரப்பர் மரத்தில் பால் வெட்டினான், கைக்கு எவ்வளவு வந்தது என்பதற்கு வேறு கணக்கு. இந்த விழுக்காடும் அப்படித்தான்.

துறை தன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் வாரத்தில் கூலிக்கோ, லாபத்துக்கோ, குடும்பத் தொழிலுக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும், அவர் வேலையில் உள்ளவர். உங்கள் மோட்டார் பையன் வேலையில் உள்ளவன்தான். கான்ட்ராக்ட் முடிந்து வேலை தேடுகிற பிள்ளை வேலையில்லாதவள். ரெசுமே அடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இருக்கிற வேலை பிடிக்காமல் அடிக்கிறவர்களாக இருக்கலாமே!

வேலை குறைவாகக் கிடைப்பவர்களுக்குத் தனி அட்டவணை உண்டு. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை, கூடுதலாகச் செய்யவும் தயார் என்றால் அதில் வருவார்கள். டிப்ளோமா, டிகிரி வைத்துக்கொண்டு அதற்குக் கீழான வேலை பார்ப்பவர்களுக்கும் தனிக் கணக்கு. மகனை அந்தப் பக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் 3.4ஐ விட அவைதான் முக்கியம்.

செம்பனைக் குலை:
எல்லாம் கண்துடைப்பு அண்ணே. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதிப் பேர் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் 3 விழுக்காடாம்!

பழைய கிராணி:
தம்பி, கோபம் சரி. ஆனால் வீட்டில் இருக்கிறவர் எல்லாம் வேலையில்லாதவர் கணக்கில் வர மாட்டார்கள். 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் படிப்பவர், குடும்பத்தைப் பார்த்துக்கொள்பவர், ஓய்வு பெற்றவர் எல்லாம் தொழிலாளர் படைக்கு வெளியே. உழைப்பவர்களையும் வேலை இல்லாதவர்களையும் சேர்த்ததுதான் படை. அதற்குள்தான் விழுக்காடு பார்க்கிறார்கள். 2023இல் ஆண்களின் பங்கேற்பு, அதாவது படைக்குள் இருப்பவர்களின் பங்கு, எண்பது விழுக்காட்டைத் தாண்டியது, பெண்களுடையது 56 அளவில். உங்கள் தாமானில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேரில் எத்தனை பேர் பெண்கள்?

இன்னொன்று, வயது 65 தாண்டியும் ஜாகா (காவல்) வேலை பார்க்கிற தாத்தாக்கள் இந்த எண்ணில் எந்தப் பக்கமும் இல்லை. ஆய்வு வீடுகளில் இருப்பவர்களிடம்தான் நடக்கிறது. ஆஸ்டலில் தங்குகிறவர்களை எடுப்பதில்லை.

ஷிப்ட் பிள்ளை (கூலிம்):
இது முக்கியம் அங்கிள். எங்கள் ஆஸ்டல் முழுக்க ஆட்கள், யாரும் வந்து கேட்டதே இல்லை. இப்போதுதான் காரணம் தெரிகிறது. அக்கா, உங்கள் மகன் புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோசம் (OpenDOSM) இணையத்தளத்தில் பார்க்கட்டும். மாவட்ட வாரியாகவும் வருடத் தொடர் இலவசமாகக் கிடைக்கிறது.

நகல்கடை அக்கா:
சரி, என் அத்தை மகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள். அவள் கணக்கிலேயே இல்லை என்று இப்போது விளங்குகிறது. வேலை தேடாதவரை விழுக்காட்டில் வர மாட்டாள், அப்படித்தானே? அப்புறம் கிராணி அண்ணே, ஒரு வருடத்து எண்ணைப் பார்ப்பதா, பல வருடத்தையா?

பழைய கிராணி:
அப்படியேதான். பல வருடத்தைப் பாருங்கள். 2020 மே மாதம் 5.3 விழுக்காடு. அந்த வருடத்துச் சராசரி 4.5 மட்டுமே. மோசமான மாதம் சராசரிக்குள் கரைந்துவிட்டது. 1980களின் நடுவில் நாட்டு விழுக்காடு ஏழைத் தாண்டியதை மகன் பார்த்தால் இன்றைய எண் சிறியதாகத் தெரியும். ஆனால் அப்போதைய வேலையும் இப்போதைய வேலையும் ஒன்றல்ல. சுதந்திரக் காலத்தில் உழைப்பவர்களில் பாதிக்கும் மேல் விவசாயத்தில் இருந்தார்கள். இப்போது பத்தில் ஒரு பங்குதான். பால்மரத்தை எடுத்துவிட்டுச் செம்பனை போட்டார்கள், அதே நிலத்துக்கு ஆள் குறைவாகத் தேவைப்பட்டது. பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். இது எந்த ஒரு வருடத்து விழுக்காட்டிலும் தெரியாது. துறைவாரியான அட்டவணையைப் பத்துப் பத்து வருடமாகப் பிரித்து வரைபடம் போடச் சொல்லுங்கள். எக்செல் போதும்.