மறு: காற்றோட்டமில்லாத பரணுக்குக் காப்பு – என்ன சொல்லலாம்?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கூரைக்கு அடியிலுள்ள இடத்தில் துவாரம் விடாமல் வெப்பத்தைத் தடுக்கும் காப்பு போடுவதை ஆங்கிலத்தில் unvented attic insulation என்கிறார்கள். அதற்கு 'காற்றோட்டமற்ற பரண் காப்பு' என்பது எனக்கு ஒட்டவில்லை. எங்கள் மார்த்தாண்டம் பக்கம் பரண் என்றால் பழைய பானைகளை ஏற்றிவைக்கும் பலகை, அவ்வளவுதான். கூரைக்கும் அதன் கீழே அறையை மூடும் தட்டுக்கும் நடுவிலுள்ள இடத்துக்கு மச்சு என்பதே பொருந்தும். மலையாளத்திலும் மச்சு உண்டு என்பதால், களியக்காவிளை தாண்டி வரும் ஆசாரிக்கும் விளக்க வேண்டியதில்லை.

'காற்றோட்டமற்ற' என்பதில்தான் பெரிய சிக்கல். கேட்டால் கட்டியவர் ஏதோ மறந்துவிட்டார் போல இருக்கிறது. அமெரிக்காவில் வேண்டுமென்றே அப்படிக் கட்டுகிறார்கள். பழைய முறையில் காப்பை மச்சின் தரையில் விரிப்பார்கள். இறவாரத்தில் நுழையும் காற்று முகட்டில் வெளியேறும். நம் பத்மநாபபுரம் அரண்மனைக் கூரையின் முக்கோண முகப்புகளும் காற்றுக்கு வழிவிடுபவைதானே. புது முறையில் துவாரங்களை அடைத்துவிட்டு, கூரைச் சரிவின் அடிப்பக்கத்திலேயே காப்பு நுரையைப் பீய்ச்சி ஒட்டிவிடுகிறார்கள். மச்சும் வீட்டின் உட்பகுதி ஆகிவிடும், அங்கே ஓடும் ஏசி குழாய்கள் வேகாது.

ஆக, துவாரத்தைவிடக் காப்பு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். துவாரத்தை அடைத்துவிட்டுக் காப்பைத் தரையிலேயே விட்டால் இரண்டும் கெட்டான். குளிர்நாட்டில் வீட்டுக்குள்ளிருந்து ஏறும் ஈரம் கூரைப் பலகையில் வியர்த்து மரம் மக்கும். நமக்கு நேர்மாறு: வெளியிலிருக்கும் புழுக்கம் ஓட்டிடுக்கு வழியே உள்ளே வந்து, ஏசி அறைத் தட்டின் மேற்புறத்தில் வியர்க்கும்.

அதனால் என் பரிந்துரை: தரையில் விரிப்பது தட்டுக்காப்பு, கூரையோடு ஒட்டுவது சரிவுக்காப்பு. மண்சரிவுத் தடுப்பு என்று யாராவது படிக்கலாம்தான். கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைதானே கைமரம், அதை வைத்துக் கைமரக்காப்பு என்றும் யோசித்தேன். இப்போது எல்லாரும் இரும்பு ட்ரஸ் போடுகிறார்கள், கைமரத்துக்கு எங்கே போவது? முந்தைய மடலில் வந்த 'மச்சுக் காப்பீடு' மட்டும் வேண்டாம், எல்ஐசி ஏஜென்ட் வந்துவிடுவார்.

அப்புறம், ஓட்டுக்கு அடியில் போடும் அலுமினியத் தாளை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவது. பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டினால் பயனில்லை. அதற்குக் கதிர்த்தடுப்பு என்று தனிச்சொல் வைக்கலாம். கடைக்காரர் எல்லாவற்றையும் 'ஹீட் ஷீட்' என்றுதான் விற்பார்; நாமாவது பிரித்துச் சொல்வோம்.