மலை ரயில் மாதிரித் தளம்: மூலையில் வளையும் பின்திரையின் இணைப்பு ஏன் வெடிக்கிறது?

கேள்வி: கல்லாறு87

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மலை ரயில் பாதையில் கல்லாறு முதல் ஹில்குரோவ் வரையுள்ள பகுதியை 1:87 அளவில் அமைத்துவருகிறேன். உண்மையான பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் கொண்டது என்பதால் கணக்குப்படி 11.5 மி.மீ. அகலத் தண்டவாளம் வர வேண்டும். விற்பனைக்குக் கிடைப்பது 12 மி.மீ. என்பதால் அதனையே ஏற்றுக்கொண்டேன். அறையின் இரு சுவர்களை ஒட்டி, 3.6 மீட்டரும் 2.4 மீட்டரும் நீளமுள்ள இரு கைகளாகத் தளம் நிற்கிறது. கல்லாறு நிலையம் தரையிலிருந்து 105 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பற்சட்டப் பாதை (எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏற, நடுவில் பல் வைத்த சட்டம் உள்ள பாதை), அசலில் உள்ள 12க்கு 1 என்ற ஏற்றத்திலேயே 3 மீட்டர் தூரம் ஓடுவதால், ஹில்குரோவ் 130 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும் அந்தக் காட்சிக்காகவே இத்தளத்தைத் தொடங்கினேன் என்பதால், ஏற்றத்தைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல், தளத்துக்குப் பின்னால் வானமும் மலையும் தீட்டி நிறுத்தும் பின்திரையில்தான். இரு சுவர்களும் சந்திக்கும் மூலை கண்ணில் படக்கூடாது என்று, சென்ற ஆண்டு 3 மி.மீ. ஹார்ட்போர்டை (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அங்கே வளைத்துப் பொருத்தினேன். இரண்டு பலகைகளின் இணைப்பு வளைவின் நடுவில் அமைந்தது. சுவருக்கு வைக்கும் வெள்ளைப் பட்டியைப் பூசி, தேய்த்து, நீல வண்ணம் அடித்தேன். ஐப்பசி மழையில் அந்த இணைப்பு ஒரு கோடாகப் புடைத்தது. மாசியில் காய்ந்தபோது அதே கோடு மேலிருந்து கீழாக வெடித்துத் திறந்துகொண்டது. மறுபடியும் பட்டி பார்த்தேன்; மறுபடியும் வெடித்தது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். எப்படி வளைப்பது, எங்கே இணைப்பது என்பதோடு, மலையடியில் நிற்கும் கல்லாறும் சமவெளியைக் கீழே பார்க்கும் ஹில்குரோவும் ஒரே திரையில் வருவதால் தொடுவானத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: தச்சுப்பட்டறை

நண்பரே, உங்கள் பட்டி வெடித்ததற்குக் காரணம் பட்டி மட்டுமன்று. வளைத்த ஹார்ட்போர்டு எப்போதும் நிமிரப் பார்க்கும். வளைவின் நடுவில் இணைப்பு இருந்தால், இரண்டு பலகைகளும் நிமிர முயலும் விசை முழுவதும் அந்த ஒரே கோட்டில் வந்து விழுகிறது. அதன்மேல், ஈரத்தை உறிஞ்சி நீள்வதும் காய்ந்து சுருங்குவதும் ஹார்ட்போர்டின் இயல்பு. சிமென்ட் கலந்த சுவர்ப் பட்டிக்குச் சிறிதும் நெகிழ்ச்சி இல்லாததால், அது இவ்விரண்டையும் தாங்காது.

ஆகவே வளைவு முழுவதையும் ஒரே பலகையில் கொண்டுவாருங்கள். உங்கள் அறைக்கு 60 செ.மீ. ஆரம் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். கால்வட்டத்தின் நீளம் ஏறத்தாழ 94 செ.மீ. வருகிறது. எட்டுக்கு நான்கடிப் பலகையின் நீளம் 244 செ.மீ. என்பதால், வளைவு போக 150 செ.மீ. மிஞ்சும், அதாவது வளைவு முடிந்த பிறகு இரு பக்கமும் 75 செ.மீ. நேராக ஓடிய பின்னரே இணைப்பு வரும். மூலையிலிருந்து அளந்தால் அது ஒவ்வொரு சுவரிலும் 135 செ.மீ. தொலைவில் அமையும். அந்த இடத்தில் பலகை எதனையும் எதிர்த்து நிற்பதில்லை என்பதால் இணைப்பும் அமைதியாகக் கிடக்கும். 45 செ.மீ. ஆரத்திலும் இந்தப் பலகையை வளைக்க முடியும். ஆனால் வளைவு இறுக இறுக நிழல் கூடும், மூலையும் மூலையாகவே தெரியத் தொடங்கும்.

பலகையை வாங்கிய அன்றே பொருத்தாதீர்கள். ஒரு வாரமாவது அதே அறையில் சாய்த்து வைத்து, அறையின் ஈரத்துக்கு அது பழகட்டும். மழைக்காலத்தின் உச்சத்திலோ கோடையின் உச்சத்திலோ இந்த வேலையைச் செய்ய வேண்டாம். முன்பக்கத்துக்கு அடிக்கும் அதே பிரைமரைப் பின்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் அடித்தே தீர வேண்டும். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரத்தைக் குடித்து, பலகை கோணிக்கொள்ளும். தாங்குவதற்கு 18 மி.மீ. பிளைவுட்டில் கால்வட்டத் துண்டுகள் இரண்டை வெட்டி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சுவரில் பொருத்தி, இடையில் 15 செ.மீ.க்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) நிறுத்துங்கள்.

இணைப்பின் பின்புறம் அதே ஹார்ட்போர்டில் 10 செ.மீ. அகலப் பட்டையை ஃபெவிகால் வைத்து ஒட்டி, ஓர் இரவு முழுவதும் கிளாம்ப் போட்டு இறுக்கி வையுங்கள். முன்புறம் விளிம்புகளைச் சற்றே சீவி, ஃபைபர் வலை டேப் ஒட்டி, அதன்மேல் அக்ரிலிக் பட்டியை மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட அகலமாகப் படரும்படி இழுங்கள். உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் பள்ளம் விழும். ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்ப்பது நல்லது.

ஈரத்தை உறிஞ்சாத சன்போர்டை (பி.வி.சி. நுரைப் பலகை) வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அது ஈரத்துக்கு அஞ்சாது. ஆனால் வெப்பத்துக்கு நீளும். 2.4 மீட்டர் பலகை 15 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும் என்பதால், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறைகளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மறுமொழி: படுதா எழுதுபவர்

நாடக மேடைகளுக்குப் படுதா எழுதிய அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன். பாதை ஏறினாலும் தொடுவானம் ஏறாது. அது பார்ப்பவரின் கண்மட்டத்தில், இரு கைகளிலும் ஒரே உயரத்தில், இரசமட்டம் பிடித்தாற்போல் ஓட வேண்டும். நின்று பார்க்கும்போது உங்கள் கண் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், அந்தக் கோடு கல்லாற்றுத் தளத்துக்கு மேலே 45 செ.மீ. உயரத்திலும், ஹில்குரோவுக்கு மேலே 20 செ.மீ. உயரத்திலும் வரும். கல்லாற்றில் மலைச்சரிவு அந்தக் கோட்டைத் தாண்டி எழுந்து அதை மறைத்துவிடும். மலையடியில் நிற்கிறோம் என்ற உணர்வும் அதனால்தான் வருகிறது. ஹில்குரோவிலோ தண்டவாளத்துக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கட்டும். பின்திரை தண்டவாள மட்டத்துக்குக் கீழே 30 செ.மீ. வரையாவது தொடரட்டும். சமவெளியைத் தீட்ட வேண்டிய இடம் அதுவே. திரையைப் பொருத்திய பிறகு இதைச் செய்ய இயலாது என்பதால், பலகையை வெட்டும் முன்பே முடிவு செய்யுங்கள்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, அந்த மலையின் பெயரே பாடமாக இருக்கிறது. தொலைவில் உள்ள மலை பச்சையாகத் தெரிவதில்லை. இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறச் செய்வதால் நீலமாகவும் வெளிறியும் தெரிகிறது. டப்பாவிலிருந்து எடுத்த பச்சையை அப்படியே திரையில் வைத்தால் ஐந்து மைல் தொலைவு ஐந்து அங்குலமாகிவிடும். முதலில் வெள்ளையில் சிறிது நீலமும் ஒரு துளி மஞ்சட்காவியும் சேர்த்து, மூட்டத்தின் நிறத்தை ஒரு வாளி நிறையக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். தொடுவானத்தை ஒட்டிய வானம் அந்த நிறம்தான். மேலே போகப் போக நீலம் கூடட்டும், ஈரம் காய்வதற்குள் இரண்டையும் ரோலரால் ஒன்றோடொன்று கலக்க வேண்டும். கடைசி மலைத்தொடர் அந்த நிறத்தைவிட ஒரு மாத்திரை மட்டுமே அடர்த்தியாக இருக்கட்டும். அதற்கு முன்னுள்ள ஒவ்வொரு தொடரிலும் மூட்டம் குறைந்து பச்சை கூடட்டும். மூன்று அல்லது நான்கு தொடர்கள் போதும். கறுப்பு வேண்டவே வேண்டாம்.

வளைவுப் பகுதியில் சாலை, கட்டடம், பாலம் என நேர்க்கோடு உள்ள எதையும் தீட்டாதீர்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அது முறிந்து தெரியும். மலைச்சரிவு வெண்மூட்டத்துக்குள் கரைந்து, மறுபக்கம் சமவெளியாகத் திறக்கும் மாற்றத்தை அந்த 94 செ.மீ.க்குள் நிகழ்த்துங்கள். உண்மையிலேயே அந்த மலைச்சரிவில் மஞ்சு அப்படித்தான் இறங்குகிறது.

மறுமொழி: கல்லாறு87

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தொடுவானம் ஏறாது என்ற செய்தியால் ஹில்குரோவ் பக்கத்துத் தளத்தின் பின்விளிம்பையே வெட்டித் தாழ்த்த முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: கல்லாற்றுப் பாக்குமரங்களின் நிழல் வானத்தில் விழுகிறது. இதற்கு என்ன செய்வது?

மறுமொழி: தச்சுப்பட்டறை

விளக்கு கூரையின் நடுவில் ஒரே இடத்தில் இருப்பதால் நிழல் கூர்மையாக விழுகிறது. தளத்தின் முன்விளிம்புக்கு மேலே ஒரு மறைப்புப் பலகை கட்டி, அதன் உட்புறம் எல்.இ.டி. பட்டைகளை இரண்டு வரிசையாக, இரு கைகளின் முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். மூலையில் அந்த வரிசையைக் குறுக்காக வெட்டாமல், பின்திரையின் வளைவுக்கு இணையாகவே வளைத்துக் கொண்டுபோனால்தான் வளைவில் ஒளி ஒரே சீராக இருக்கும். திரையிலிருந்து 10 செ.மீ.க்குள் உயரமான மரம் எதையும் நடாதீர்கள். அந்த இடைவெளியில் தாழ்ந்த புதர்கள் இருந்தால் மிச்ச நிழலும் அவற்றின் மேலேயே விழுந்து அடங்கிவிடும். பளபளப்பு இல்லாத எமல்ஷனையே வாங்குங்கள். விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளியிலேயே வண்ணத்தைக் கலக்குங்கள். பகல் வெளிச்சத்தில் கலந்த மூட்டநிறம் அந்த ஒளியில் வேறாகத் தெரியும்.