பொருள்: 'ஃப்ரீ ஃபால்' தமிழில் எப்படி?

அன்பர்களே,
இயக்கவியல் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஃப்ரீ ஃபால்' மூன்று இடத்தில் மூன்று விதமாக வந்திருக்கிறது: தடையின்றி விழுதல், தானே விழுதல், கட்டற்ற வீழ்ச்சி. ஒன்றாக்க உதவுங்கள்.

மறு:
தடையிலா வீழ்ச்சி. காற்றுத்தடை இல்லை என்பதுதானே வரையறை? 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் கைவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரைதொட்டன.

மறு:
> காற்றுத்தடை இல்லை என்பதுதானே வரையறை?
அது பாதிதான். ஈர்ப்பு தவிர வேறெந்த விசையும் பொருளின்மேல் இருக்கக்கூடாது என்பதே முழு வரையறை. கீழே போகவேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. பந்தை 19.6 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறியுங்கள். 2 விநாடி ஏறும், 2 விநாடி இறங்கும். காற்றைக் கணக்கில் விட்டுவிட்டால் 4 விநாடியும் ஃப்ரீ ஃபால்தான். உச்சியில் திசைவேகம் சுழி. முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². மாணவர்கள் அதையும் சுழி என்றெழுதி மதிப்பெண் இழப்பது இங்கேதான். 'வீழ்ச்சி' என்றால் ஏறும் பந்தைச் சேர்க்கவே மாட்டார்கள். என் பரிந்துரை: தனியீர்ப்பு இயக்கம்.

மறு:
'வீழ்' வேரை விடாதீர்கள். அதற்கு விரும்புதல் என்றும் பொருள் உண்டு. 'தாம்வீழ்வார் மென்றோள்' என்கிறது குறள் (1103). ஈர்ப்பு அந்த வேருக்குள்ளேயே இருக்கிறது! ஆலின் விழுதையும் நினைத்துப் பாருங்கள். 'ஒப்பில் புகழ்' போல, கட்டு இல்லாத என்ற பொருளில் 'கட்டில் வீழ்ச்சி' எனலாம். சுருக்கம், இலக்கணமும் சுத்தம்.

மறு:
ஐயா, கட்டில் வீழ்ச்சி என்று அச்சிட்டால் யாரோ கட்டிலிலிருந்து விழுந்ததாகத்தான் வகுப்பு படிக்கும். 'தனி'யும் சிக்கல்: தனி ஊசல், தனிச்சீரிசை இயக்கம் என்று அதை 'எளிய' என்ற வேறு பொருளில் ஏற்கெனவே ஆண்டுவிட்டோம். 'தடையிலா'வுக்கு ஒரு பயன் உண்டு. விமானத்திலிருந்து குதித்தவர், பாராசூட் விரியுமுன், ஏறத்தாழ 55 மீ/வி முற்றுத்திசைவேகத்தை எட்டினால் காற்றுத்தடை எடைக்குச் சமமாகி முடுக்கம் சுழியாகிவிடும். அவர் விழுகிறார்; ஆனால் இது நம் சொல்லுக்குள் வராது. அந்த அடைமொழி அவரை வெளியே நிறுத்துகிறது.

மறு:
நேரமில்லை. இருவர் ஆதரித்த 'தடையிலா வீழ்ச்சி'யையே வைக்கிறேன். ஏறும் பந்துக் கணக்கு வரையறைக்கு அடுத்தே பெட்டிச் செய்தியாக வரும்.

மறு:
பெட்டி போடுங்கள். ஆனால் சொற்பட்டியலில் 'தனியீர்ப்பு இயக்கம்' மாற்றுச்சொல்லாகவாவது இருக்கவேண்டும். மேலே போகும் பந்தை 'வீழ்ச்சி' என்று சொல்லித்தர எனக்கு இன்னும் ஒப்பவில்லை.