புதுப்பிப்பு: டிஎன்ஏ சேர்க்காத குழாயில் பட்டை வந்தது ஏன்?

மண் பாக்டீரியாக்களின் 16எஸ் மரபணுவுக்கு (எல்லா பாக்டீரியாவிலும் இருப்பது, இனங்காண உதவுவது) பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) போட்டால், டிஎன்ஏவே சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயிலும் 1500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) அளவில் ஜெல்லில் பட்டை, அதாவது பெருகிய டிஎன்ஏவின் தடம், வருகிறது, தண்ணீர், ப்ரைமர் (பெருக்க வேண்டிய பகுதியில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு), பிப்பெட் முனை எல்லாம் மாற்றியும் போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

பட்டையை வெட்டியெடுத்து வரிசைமுறை பார்த்தோம். ஆய்வகங்களில் வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியா! அது வந்த வழி, பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் பாலிமரேஸ் நொதிதான்.

டாக் என்பது யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவின் நொதி. ஆனால் இன்று பெரும்பாலும் அதன் மரபணுவை ஈ. கோலைக்குள் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். செல்களை உடைத்து 75 டிகிரியில் சூடாக்கினால் ஈ. கோலையின் புரதங்களில் பெரும்பகுதி திரிந்து படிந்துவிடும், டாக் அசையாமல் நிற்கும். அருமையான உத்தி. ஆனால் அந்தச் சூடு ஈ. கோலையின் டிஎன்ஏவை அழிப்பதில்லை. அடுத்தடுத்த சுத்திகரிப்புக்குப் பிறகும் துணுக்குகள் மிஞ்சலாம். மற்ற வேலைகளில் யாருக்கும் தெரியாது. எல்லா பாக்டீரியாவுக்கும் பொருந்தும் 16எஸ் ப்ரைமர் மட்டும் அதைத் தேடிப் பிடித்துவிடும்.

இப்போது டிஎன்ஏ மாசு குறைந்த தர நொதிக்கு மாறி, பிசிஆர் சுழற்சிகளை 35இலிருந்து 30ஆகக் குறைத்திருக்கிறோம். கட்டுப்பாட்டுக் குழாய் ஜெல்லில் சுத்தமாக இருக்கிறது. இரட்டை இழை டிஎன்ஏவை மட்டும் வெட்டும் டிஎன்ஏஸ் நொதி கொண்டு கலவையை முன்கூட்டியே சுத்தம் செய்வதும் நல்ல வழி, ஒற்றை இழையான ப்ரைமர் தப்பிக்கும். மாதிரியைச் சேர்க்குமுன் அந்த டிஎன்ஏஸைச் சூட்டில் செயலிழக்கச் செய்தாக வேண்டும்.

தாவர, விலங்கு மரபணுக்களைப் பெருக்குபவர்கள் நொதியை மாற்ற வேண்டியதில்லை. ரத்தம், குடிநீர் போல பாக்டீரியா மிகக் குறைவான மாதிரிகளில் வேலை செய்பவர்கள், வெற்றுக் குழாயையும் சேர்த்தே வரிசைமுறைக்கு அனுப்புங்கள்.